முதல் ஒயில் மாற்றம் உங்கள் கையாலேயே நடக்கட்டும்

தீவகத்தில் புதிதாக லாண்ட்மாஸ்டர் என்னும் இரண்டு சக்கர உழவு இயந்திரம் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வேலணைக்காரருக்குப் பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் யாழ்ப்பாணம்; அழைத்தால் மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். நெடுந்தீவுக்காரருக்கு நடுவில் கடல் கிடக்கிறது. குறிகட்டுவான் துறையில் இருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவிலும் இதே நிலைதான். புரட்டாதியில் புழுதி விதைப்புக்கு நிலம் பண்படுத்தும் நேரத்தில் இயந்திரம் படுத்தால் மழை உங்களுக்காகப் பொறுத்திருக்காது. அதனால் சொல்கிறேன்: முதல் பராமரிப்பை நீங்களே செய்யுங்கள். பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் அல்ல. ஒருமுறை கையால் திறந்து பார்த்தவருக்குத்தான் பிறகு அதன் சத்தம் மாறும்போது எங்கே கோளாறு என்று பிடிபடும்.

1. முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். எங்கள் இரண்டு சக்கர இயந்திரங்கள் பலவற்றில் மணித்தியாலம் காட்டும் மீற்றர் கிடையாது. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதை அன்றன்று பின்னேரம் எழுத வேண்டும். எழுதத் தவறியிருந்தால் எரிந்த டீசலை வைத்து மட்டுக்கட்டலாம். பன்னிரண்டு குதிரைவலு எஞ்சின் சாதாரண உழவில் மணிக்கு ஒரு லீற்றரில் இருந்து ஒன்றரை லீற்றர் வரை குடிக்கும். முதல் ஒயில் மாற்றம் பொதுவாக 50 மணித்தியாலத்தில். சில எஞ்சின்களுக்கு அதற்கும் முன்னரே. உங்கள் எஞ்சினோடு வந்த புத்தகம் சொல்வதுதான் கணக்கு. அயலவரின் இயந்திரத்துக்குச் சரியானது உங்களுடையதுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. விற்றவர் உத்தரவாதத்துக்கு என்ன நிபந்தனை வைத்திருக்கிறார் என்பதையும் முன்கூட்டியே கேட்டு, ஒயில் வாங்கிய பில்லைக் கொப்பிக்குள் செருகி வையுங்கள்.

2. சாமான் முழுவதும் கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் தர எஞ்சின் ஒயில், கியர் ஒயில், டீசல் ஃபில்ற்றர், வடிகால் நட்டுக்கான செப்பு வாசர், கிறீஸ், பழைய பருத்தித் துணி, அகன்ற பேசின். இவற்றோடு ஒரு தொகுதி பெல்ற், சக்கர அச்சுக்கான ஒயில் சீல் ஒரு சோடி, ரோட்டரிக் கத்திக்கான போல்ட்டுகள் ஒரு டசின் ஆகியவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வீட்டில் வைத்திருங்கள். பெல்ற்றின் முதுகில் அச்சடித்திருக்கும் இலக்கத்தை அது புதிதாக இருக்கும்போதே கொப்பியில் எழுதுங்கள். தேய்ந்த பிறகு அந்த எழுத்து அழிந்துவிடும். இலக்கம் தெரியாமல் யாழ்ப்பாணத்துக் கடைக்காரரிடம் தொலைபேசியில் என்ன சொல்லி வாங்குவீர்கள்?

3. சாரத்தோடு இந்த வேலைக்கு வரவேண்டாம். இதில் நான் கண்டிப்பானவன். பெல்ற்றும் பறக்கும் சில்லும் ரோட்டரியும் சாரத்தின் தொங்கலைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். காற்சட்டை போடுங்கள். பெண்பிள்ளைகள் துப்பட்டாவைக் கழற்றி வைத்து, கூந்தலை இறுக்கி முடியுங்கள். மட்டமான நிலத்தில், முன் தாங்கியை இறக்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்திய பிறகுதான் எதையும் தொடலாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், ஆனால் கைக்கெட்டாத தூரத்தில்.

4. இனி ஒயில். புது எஞ்சினின் பிஸ்டன், வளையம், பெயரிங், பற்சில்லு எல்லாம் தொடக்க மணித்தியாலங்களில் ஒன்றோடொன்று உரசி இசைந்து கொள்கின்றன. அப்போது உதிரும் நுண்ணிய உலோகத்தூள் முழுவதும் அந்த ஒயிலில்தான் மிதக்கும். அதனால்தான் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் முதல் ஒயிலை இவ்வளவு சீக்கிரம் கழிக்கச் சொல்கிறார்கள்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வடிகால் நட்டைக் கழற்றுங்கள். ஆறிய ஒயில் அழுக்கை அடியில் விட்டுவிட்டுத் தான் மட்டும் வடியும். பேசினில் விழுந்த ஒயிலில் இரண்டு விரலைத் தோய்த்து, வெய்யிலில் பிடித்து, மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளி மினுக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். புது எஞ்சினில் அது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் விடயம் வேறு. ஒரு காந்தத்தைப் பேசினுக்குள் ஓட்டி, ஒட்டியதைக் கடதாசியில் துடைத்து எடுத்து வைத்து, மெக்கானிக்கிடம் காட்டும்வரை இயந்திரத்தை ஓட்டாதீர்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்கும் மெக்கானிக்தான்.

உள்ளே சல்லடை இருந்தால் கழற்றி டீசலில் கழுவிப் போடுங்கள். காகித ஃபில்ற்றர் என்றால் மாற்றுங்கள். புது வாசர் வைத்து நட்டை இறுக்கி, ஒயிலை ஊற்றி, சற்றுப் பொறுத்து அளவுக் கோலைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது எஞ்சினுக்கு உபகாரம் அல்ல. மிதமிஞ்சிய ஒயில் நுரைக்கும், புகையாகும், சீலைத் தள்ளும்.

5. கழித்த ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது, ஏனென்றால் வேலியடியில் ஊற்றிவிட்டுப் போகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். எங்கள் தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. அதற்குள் மழையால் சேர்ந்த நன்னீர், உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. மேலே ஊற்றியது அங்கேதான் போகும். சுன்னாகத்தில் மின்நிலையப் பகுதியில் இருந்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றியிருந்த பல கிணறுகள் பழுதாகி, 2014, 2015 இல் சனம் வாளியோடு தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றதை எல்லோரும் அறிவீர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 இல் இழப்பீட்டுக்குத் தீர்ப்பும் வந்தது. கிணறு அந்தத் தீர்ப்பால் சுத்தமாகிவிடுமா? சுன்னாகத்து நீர்ப்படையே அப்படியானால், எங்களுடைய மெல்லிய படை எம்மாத்திரம்? பழைய கலனில் மூடி, பெயர் எழுதி, கழிவு ஒயில் எடுக்கும் கராச்சுக்கு அடுத்தமுறை யாழ்ப்பாணம் போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.

6. காற்று வடிகட்டி. உழவு இயந்திரத்தைக் கொல்வது வேலையைவிடத் தூசிதான் என்பது என் முடிவு. புழுதி விதைப்புக்கு உழும்போது எழும் தூசி எஞ்சினுக்குள் போனால் சிலிண்டரை அரத்தால் அராவியது போலத் தின்றுவிடும். கீழே ஒயில் கிண்ணம் உள்ள வகை என்றால், கிண்ணத்தைக் கழற்றி, சேற்றை வழித்து, டீசலால் கழுவி, கோட்டு அளவுக்குப் புது ஒயில் விடுங்கள். வறண்ட நிலத்தில் உழும் காலத்தில் இதை 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று விடாமல் ஒவ்வொரு நாள் விடியவும் திறந்து பாருங்கள். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் குழாயின் பிடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இடைவெளி இருந்தால் வடிகட்டியைக் கழுவியதில் பயனில்லை.

7. தண்ணீர். புத்தகம் நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லும். தீவில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று சொல்லாது. எங்கள் கிணறுகள் பலவற்றில் உவர். உவர் இல்லாத கிணற்றிலும் கரைந்த சுண்ணாம்பு உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எஞ்சினின் நீர்த்தொட்டிக்குள்ளும் படியும். படிந்தால் சூடு வெளியேறாது. உப்புத் தண்ணீர் இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்து அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூரையில் இருந்து விழும் மழைநீரை, முதல் மழையின் அழுக்கு கழிந்த பிறகு, இரண்டு மூன்று கலன்களில் பிடித்து மூடி எஞ்சினுக்கென்றே வையுங்கள். றேடியேற்றருக்கு உரிய கூலன்ற் சொல்லப்பட்டிருந்தால் அதையும் மழைநீரிலேயே கலக்குங்கள். சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம். ஆவி முகத்தில் அடிக்கும்.

8. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கிடைத்த கலனில் எல்லாம் வாங்கி வைத்தோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சிறு தீவுகளுக்கு டீசல் கலனில்தான் படகேறி வருகிறது. கலனுக்குள் கடல்நீர் ஒரு கரண்டி போதும், பம்ப் துருப்பிடிக்க. வந்த டீசலை ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். தண்ணீர் பாரமானது, அடியில் இறங்கும். விடிய மேலிருந்து எடுத்து, துணியால் வடித்து ஊற்றி, அடியில் கிடப்பதை விட்டுவிடுங்கள்.

ஃபில்ற்றர் மாற்றினால் குழாயில் காற்றுப் புகும். பம்பில் இருக்கும் காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள். இன்ஜெக்டரில் இருந்து பீச்சும் டீசலின் முன்னால் மட்டும் விரலைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி ஏதும் நடந்தால், காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

9. புது பெல்ற் இழுபடும்; புது நட்டு தளரும். பெல்ற்றின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு விரல் தடிப்புக்கு இறங்கவேண்டும். பெல்ற் ஓடும் கப்பிகள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு தூண்டில் நூலை இழுத்துப் பிடித்தாலே போதும். ஒரு பெல்ற் பழுதானால் தொகுதியாகவே மாற்றுங்கள். பிறகு எஞ்சின் தாங்கும் போல்ட், சக்கர போல்ட், கைபிடி, ரோட்டரிக் கத்திகள் என்று ஒன்றுவிடாமல் ஸ்பனர் போடுங்கள்.

10. ரோட்டரிக்கு நேரம் ஒதுக்குங்கள். எங்கள் மண் ஆழமில்லை. பல இடங்களில் ஒரு முழத்துக்குள் கல். நெடுந்தீவில் கல்வேலியில் இருந்து சரிந்த முருகைக்கற்கள் வயலுக்குள் கிடக்கும். 1990, 1991 போர் இடப்பெயர்வுக்குப் பிறகு நீண்ட காலம் தரிசாகக் கிடந்த காணிகளில் முட்கம்பித் துண்டும் வரும். கரையோரத் துண்டுகளில் நைலோன் வலைநூல். அந்த நூல்தான் கள்ளன்: ரோட்டரி அச்சைச் சுற்றி, உள்ளே உள்ளே போய், ஒயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. கியர் ஒயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். எஞ்சினை நிறுத்தி, கத்தியால் நூலை வெட்டி, நார் நாராக முழுக்க இழுத்தெடுங்கள். கியர் பெட்டியிலும் ரோட்டரிச் சங்கிலிப் பெட்டியிலும் முதல் ஒயிலைப் புத்தகம் சொன்ன நேரத்தில் மாற்றுங்கள்.

ஆழ உழுதால் விளைச்சல் கூடும் என்று எண்ணிக் கத்தியைக் கல்லில் மோதவிட வேண்டாம். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர் எங்கள் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). அது இங்கிலாந்தில் தயாராகி உலகெங்கும் போனது. அவரே பின்னாளில் நைஜீரியாவின் இபடானில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தபோது, மண்ணை இவ்வளவு கிளறத் தேவையில்லை, உழவைக் குறைக்கலாம் என்ற பக்கம் வந்துவிட்டார். எங்கள் தோல் தடிப்பு மண்ணுக்கு அது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

11. உப்பு. கரைக்கு மீன்பெட்டி ஏற்றப் போனாலும் சக்கரத்தைக் கடல்நீரில் இறக்காதீர்கள். உப்புக்காற்றுப் பட்ட இயந்திரத்தை உவர்க் கிணற்று நீரால் கழுவுவது உப்பின்மேல் உப்பைப் பூசுவதுதான். ஒரு வாளி நன்னீரும் துணியும் போதும். துடைத்து, காயவிட்டு, திறந்து கிடக்கும் இணைப்புகளிலும் பெயின்ற் உரிந்த இடங்களிலும் மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள்.

12. இன்ஜெக்ஷன் பம்ப், கவர்னரின் முத்திரையிட்ட திருகு, வால்வு இடைவெளி, சிலிண்டர் மூடியின் போல்ட்டுகள் — இந்த முறை இவற்றைத் தொட வேண்டாம். மெக்கானிக் வரும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள்.

13. எல்லாம் பூட்டியபின் டீசலை அடைத்து, டிகொம்பிரஷன் நெம்புகோலைத் தூக்கி, சுழற்றுக் கைபிடியால் பதினைந்து இருபது சுற்றுச் சுற்றுங்கள். புது ஒயில் மேலே ஏறட்டும். கைபிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கவேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும். பிறகு டீசலைத் திறந்து, ஸ்டார்ட் ஆனதும் முதலில் ஒயில் அடையாளத்தைப் பாருங்கள்; சீனத்து எஞ்சின்கள் பலவற்றில் சிவப்புக் குமிழ் மேலே எழும். எழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். எழுந்தால் மெதுவாக ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, வடிகால் நட்டின் கீழே விரலை வைத்துக் கசிவு பாருங்கள், கோலில் அளவை மீண்டும் பாருங்கள். வயலில் ஒரு மணித்தியாலம் உழுத பிறகு சக்கர போல்ட்டுக்கும் ரோட்டரி போல்ட்டுக்கும் இன்னொருமுறை ஸ்பனர் போட்டுவிட்டு, திகதியையும் மணித்தியாலத்தையும் ஊற்றிய ஒயிலின் பெயரையும் கொப்பியில் எழுதுங்கள்.