அதிகாரத்திற்கும் எல்லை உண்டு

அரசாங்க அதிகாரிகள் ஒரு நிபந்தனையை விதித்துவிட்டால், அதை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை என்றே பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் சரிதானா? மலேசியாவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை கூறுகிறது.

1970-களில், ஶ்ரீ லெம்பா என்னும் நிறுவனம் கோலாலம்பூரில் தனக்குச் சொந்தமான நிலத்தைப் பிரிக்கவும் அதன் பயன்பாட்டை மாற்றவும் விண்ணப்பித்தது. அந்நிலத்தின்மீது நிறுவனத்திற்கு நிரந்தர உரிமை இருந்தது. அவ்வுரிமையை ஒப்படைத்துவிட்டு, அதே நிலத்தை 99 ஆண்டுக் குத்தகையில் திரும்பப் பெற்றுக்கொண்டால்தான் அனுமதி கிடைக்கும் என்று நில அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் அரசாங்கத்தைச் சேர்ந்துவிடும். எனவே, நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது.

வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்றது. அதிகாரிகள் நிபந்தனை விதிக்கலாம். ஆனால், தேசிய நிலச் சட்டம் அனுமதிக்கும் நிபந்தனைகளை மட்டுமே விதிக்கலாம் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நிறுவனம் வென்றது. சட்டம் வழங்கும் எந்த அதிகாரத்திற்கும் எல்லை உண்டு என்று அத்தீர்ப்பில் வலியுறுத்தியவர் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா. இவரே பின்னாளில் பேராக் சுல்தானாகி, 1989 முதல் 1994 வரை நாட்டின் மாமன்னராகவும் விளங்கினார்.

இத்தகைய வழக்குகளில், அதிகாரிகளின் பணியை நீதிமன்றம் தன் கையில் எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் எடுத்த முடிவுக்குச் சட்டம் இடமளிக்கிறதா என்பதையே ஆராய்கிறது. சட்டத்திற்குக் கட்டுப்பட வேண்டியவர்கள் குடிமக்கள் மட்டுமல்லர், ஆணையிடும் அதிகாரிகளும்தான்.