பெயரும் பூவும்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களின் பெயரை நாம் மனப்பாடமாக ஒப்பிக்கின்றோம். அவற்றுள் கண்ணாற் கண்டவை எத்துணை? காயா என்பதற்கு நீலமலர் எனப் பொருளெழுதி மதிப்பெண் பெறும் நம்முள், அச்செடியை அறிந்தார் அரியர்.

காயா, வீரை, உலக்கைப்பாலை முதலியன சோழமண்டலக் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காட்டில் வளர்வன. அக்காடு கிண்டித் தேசியப் பூங்கா, சில ஊர்களின் கோயிற்காடுகள் எனத் துண்டு துண்டாகவே இன்று எஞ்சியுள்ளது.

அடையாற்றுக் கழிமுகத்தருகே குப்பையும் இடிபாடும் கொட்டப்பெற்றுக் கிடந்த 58 ஏக்கர் நிலம், ஆரோவில்லைச் சார்ந்த பிச்சாண்டிக்குளம் வனத்தாரின் துணையால் சீர்திருந்தி, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. குப்பையை அகற்றி, நீர்நிலைகளைத் தோண்டி, இம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளை ஆங்கு நட்டனர்.

இப்பணி எளிதன்று. இக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை நெடுநாள் உயிர்தாங்காது. ஆதலின், தாய்மரம் பழுக்கும் பருவமறிந்து சென்று, பறவைக்கும் மண்ணுக்கும் உரிய பங்கை விட்டுச் சிறிதளவே திரட்டி, உடனே நாற்றங்காலில் இடல்வேண்டும். மழை தொடங்குங்கால் கன்றுகளை நட்டு, களையினின்றும் கால்நடையினின்றும் காத்தல்வேண்டும்.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தார் தொல்காப்பியர். அவ்வுயிர் மறையின், அதன் பெயர் அகராதியில் வெறுஞ்சொல்லாய் நிற்கும். ஏட்டைக் காத்த தமிழர்வழி வந்த நாம், விதையையும் காத்தல் கடனன்றோ?