தேகத்தில் நீர் வற்றுதலும் அதன் பரிகாரமும்

சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்த பட்டாபிராமிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கத்திரி வெயிலில் கடினமாக உழைப்பவன் ஒருவன், ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையில் நீரை வியர்வையாக இழக்கக்கூடும். வியர்வையோடு உப்பும் வெளியேறுகின்றது. தாகம் எடுத்த பின்னர் குடித்துக்கொள்ளலாமென்று இருப்பவனுடைய தேகம் அதற்கு முன்பே நீர் குறைந்து நிற்கும். ஆதலின் வேலையினிடையே அடிக்கடி சிறிது சிறிதாக நீர் பருகுதல் வேண்டும். வியர்வை மிகுந்த நாளில் உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் வெறும் நீரைக் காட்டிலும் உத்தமம். உப்பின்றி வெறும் நீரையே அளவுகடந்து குடித்தலும் தீங்கு பயக்கும்.

இவ்வாபத்து சித்திரை வைகாசிக்கு மட்டும் உரியதன்று. 2024-ஆம் வருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி, புரட்டாசி மாதத்தில், சென்னை மெரினாக் கடற்கரையில் நடைபெற்ற விமான சாகசக் காட்சியைக் காணப் பல லட்சம் ஜனங்கள் நடுப்பகலில் கூடினர். அவர்களில் ஐவர் மாண்டனர். கடலோரத்தில் காற்று வீசுமாகையால் வெயில் வருத்தாது என்று எண்ணுதல் பிழை.

வெயிலினும் விரைவாக நீரை வற்றச் செய்வது பேதி. வாந்திபேதி கடுமையாகக் கண்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் இழப்பதுண்டு. இந்நோய் பழங்கதையாகிவிட்டது என்று கருதுவோர், அதன் கிருமியில் முன்பு அறியப்படாத புதிய வகையொன்று 1992-ல் சென்னையிலேயே முதன்முதலாகத் தோன்றியதை நினைவிற் கொள்ளல் நன்று. பேதி கண்டவருக்கு நீர் கொடுத்தால் நோய் பெருகுமென்று வயிற்றைக் காயப்போடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்து வந்தது. எத்தனையோ குழந்தைகள் நோயினால் அன்றி இவ்வழக்கத்தினாலேயே மாண்டன எனலாம்.

இதற்கு மாறான வழி பலித்த இடம் வங்காளத்தில் உள்ளது. 1971-ல் கிழக்கு வங்காள யுத்தத்திற்கு அஞ்சி லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து வந்தபோது, பனகாவ் என்னும் ஊரில் வாந்திபேதி பரவியது. இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்பு நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பவர், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் பொட்டலங்கள் கட்டுவித்து, அவற்றைக் கரைத்துக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். அருகிருந்த உறவினரே நோயாளிக்கு அதனைப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது பேர் வரையில் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. காரணம் எளிது: பேதியின் போதும் குடலில் சர்க்கரையும் உப்பும் கூடியே உட்புகும், அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். உப்பு தனித்தோ சர்க்கரை தனித்தோ அவ்வாறு செய்யா.

இக்காலத்தில் மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கின்றது. உறையிற் கண்ட அளவு நீரிலேயே கரைத்தல் வேண்டும். பொட்டலம் இல்லாவிடத்து, காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் இடுக. உப்பு மிகுதல் ஆபத்து, கண்ணளவை நம்பலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேல் பத்து வயது வரையில் அதன் இருமடங்கும் தருக. வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர்க. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குளிர்பானக் கடைச் சரக்கு இதற்கு ஈடாகாது. அதன் மிகுந்த இனிப்பு பேதியைப் பெருக்கும்.

கண்கள் குழிதல், நா உலர்தல், சிறுநீர் குறைந்து கருமஞ்சளாதல், கிள்ளிய தோல் மெல்லத் திரும்புதல் ஆகியவை நீர் வற்றியதன் அடையாளங்கள். மயங்கிக் கிடந்தாலும், குடிக்க இயலாவிடினும், மலத்தில் இரத்தம் கண்டாலும் 108-க்குத் தெரிவித்து உடனே ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும். வெயிலில் வீழ்ந்து உடல் கொதித்துப் பிதற்றுபவனை நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறுக. நினைவற்றவன் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

சங்கக் கட்டடத்தில் சில பொட்டலங்களும், லிட்டர் அளவுள்ள பாத்திரமொன்றும், தேக்கரண்டியும் வைத்திருப்பதற்குச் செலவு அற்பமே. கரைத்த நீரை ஒரு நாளைக்கு மேல் வைத்திராமல், மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்துக்கொள்க.