குதிரையை இரவல் வாங்கினா செலவு யாருக்கு? சட்டம் சொல்லும் 4 விஷயங்கள்

ஃப்ரெண்டோட பைக்கை வாங்கி ஓட்டுறோம், ஊருக்குப் போறவங்க நாயைப் பார்த்துக்கிறோம். ஏதாவது ஆனா யார் காசு கொடுக்கணும்? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைக் குதிரையை வச்சே விளக்குது. சட்டத்தில் இதுக்குப் பேர் 'பெயில்மென்ட்'. பொருள் கை மாறும், உரிமை மாறாது.

1. குறையை மறைக்கக் கூடாது (பிரிவு 150): முரட்டுக் குதிரைன்னு தெரிஞ்சும் சொல்லாம கொடுத்து, வாங்கினவர் விழுந்து அடிபட்டா, நஷ்டஈடு தர வேண்டியது உரிமையாளர்.

2. பேசினபடிதான் பயன்படுத்தணும் (பிரிவு 154): நீங்க மட்டும் ஓட்டுறதா வாங்கிட்டு, வீட்டில் இன்னொருத்தரை ஓட்ட விட்டீங்க. அவர் கவனமாத்தான் ஓட்டினார், ஆனா குதிரை தவறி விழுந்து அடிபட்டுடுச்சு. நஷ்டஈடு நீங்கதான் தரணும்!

3. கவனமா பார்த்துக்கிட்டா பயம் வேண்டாம் (பிரிவு 151, 152): சொந்தப் பொருள் மாதிரி பார்த்தும் குதிரை நோயில் செத்துப்போனா, தனி ஒப்பந்தம் இல்லாத வரை பொறுப்பு உங்க மேல வராது.

4. பராமரிப்புச் செலவு (பிரிவு 158): உரிமையாளருக்காக, கூலி வாங்காம பார்த்துக்கிட்டா, தேவையான செலவை அவர் திருப்பித் தரணும்.

நிறைய சண்டை வர்ற இடம் எது தெரியுமா? நீங்களும் ஓட்டிக்கிட்டு, பராமரிக்கவும் செய்யும்போதுதான். அதனால தீவனம், டாக்டர் பில், இன்சூரன்ஸ் யாருது, யார் ஓட்டலாம், எப்போ திருப்பித் தரணும்னு முதல்லயே எழுதிக்கோங்க. வாட்ஸ்அப்ல அனுப்பி 'சம்மதம்'னு பதில் வாங்கினாக்கூட ஒரு ஆதாரம். பைக்குக்கும் இதே கணக்குதான். பணமும் மிஞ்சும், நட்பும் மிஞ்சும்.