பூட்டிய அலமாரியும் பிள்ளைகளின் நாணயமும்

1904-ம் வருஷத்துச் சட்டத்தின்படி கிராமங்களில் ஐக்கிய நாணய சங்கங்கள் ஏற்பட்டபோது, கடன் கேட்பவனுடைய நடத்தையை ஊரார் அறிந்திருப்பதே முதல் ஈடாகக் கொள்ளப்பட்டது. சிறு தொகை கொடுத்துப் பார்த்து, தவணை தவறாதவனுக்கு வரம்பை உயர்த்தினார்கள். கணக்குப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. சங்கத்தில் நாம் காட்டும் இந்த விவேகம் வீட்டு வாயிற்படியில் நின்றுவிடுகிறது. பிள்ளைக்குப் பிரம்பு, இல்லையேல் அளவற்ற செல்லம் என இரண்டே வழிகள் உண்டென்று பலர் எண்ணுகின்றனர்.

இத்தாலி தேசத்து வைத்தியரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் ஏழைகள் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றிச் சுவர்களைப் பாழாக்கித் திரிந்த சிறுவர்களே அங்கே சேர்க்கப்பட்டனர். கருவிகளை உபாத்தியாயினி அலமாரியில் வைத்துப் பூட்டி, தாமே எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் பூட்ட மறந்தார். மறுநாள் தாமதித்து வந்தபோது, குழந்தைகள் அலமாரியைத் திறந்து வேண்டியவற்றை எடுத்துச் சென்றுகொண்டிருந்தனர். அவருக்கு அது திருட்டாகத் தோன்றிற்று. அம்மையாரோ, தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் அறிவு குழந்தைகளுக்கு வந்துவிட்டதெனக் கண்டு, கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகளை வைக்கச் செய்தார். ஆயினும் கட்டுப்பாடு ஒழிந்துவிடவில்லை. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்கவேண்டும். பிறன் கையிலுள்ளதைப் பறிக்கலாகாது. 1939-ல் இவ்வம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் இம்முறையைப் போதித்தார்.

எண்ணெய்க் கலயத்தை உடைத்ததற்காக அடிபட்ட பையன், அடுத்த முறை ஓட்டாஞ்சில்லுகளைக் குப்பைமேட்டில் புதைக்கக் கற்றுக்கொள்கிறான். பழி பூனையின்மேல் விழுகிறது. அவன் கற்றது ஜாக்கிரதையன்று, பொய். பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் தடுத்துள்ளது. வீட்டுப் பிரம்பைப் பார்வையிட எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை!

கிணற்றடி, அடுப்பு, வண்டிமாடு ஆகிய இடங்களில் சிறு குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்துவதே முறை. அங்கே பரீட்சை கூடாது. மற்றவற்றில் சிறிதாகத் தொடங்குக. உப்பு வாங்க அனுப்பும்போது சில்லறையை அவனையே எண்ணச் செய்து, மீதியைக் கணக்குடன் பெறுக. குறைந்தால், தவணை தவறிய அங்கத்தினரிடம் மழை பொய்த்ததா, வீண்செலவா என்று விசாரிப்பதுபோலவே காரணம் கேட்டு, உடனிருந்து மறுபடி எண்ணுக. அடுத்த வாரமும் அவனையே அனுப்புக.