‘டக்’ சத்தம் போதுமா?

கேள்வி: தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டப் பழகுகிறேன். முன்வண்டியை மாட்டும்போது ‘டக்’கென்று சத்தம் வந்தால் பூட்டிக்கொண்டது என்று நம்பலாமா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ட்ரெய்லரின் அடியிலுள்ள கிங் பின், முன்வண்டியிலுள்ள ஃபிப்த் வீல் தட்டின் தாடைக்குள் சரியாக இறங்காதபோதும் அந்தச் சத்தம் வரலாம்.

கோளாறு பெரும்பாலும் உயரத்தில்தான். சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ட்ரெய்லரைச் சற்றுத் தாழ்வாக நிறுத்துங்கள். ஃபிப்த் வீல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ட்ரெய்லர் உயர்ந்து நின்றால் கிங் பின் தாடைக்கு மேலேயே உட்கார்ந்துவிடும். யார்டில் பூட்டியதுபோல் தெரியும். ரிங் ரோட்டில் கழன்றுவிடும்.

நேராக, மெதுவாகப் பின்னே போங்கள். இடையில் ஆள் நிற்கவே கூடாது. பூட்டியதும் ட்ரெய்லர் பிரேக் பிடித்திருக்க, முதல் கியரில் லேசாக முன்னே இழுத்துப் பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, டார்ச்சோடு குனிந்து பாருங்கள்: தாடை கிங் பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா, ட்ரெய்லரின் தட்டுக்கும் ஃபிப்த் வீல் தட்டுக்கும் இடையே இடைவெளி இல்லையா, பூட்டு லிவர் உள்ளே போயிருக்கிறதா?

அதன் பிறகே ஏர் ஹோஸ், மின் இணைப்பு. சிவப்பு ஹோஸில் கவனம் தேவை: காற்று ஏறியதும் ட்ரெய்லர் பிரேக் விடுபடும். இரண்டு வண்டியிலும் பார்க்கிங் பிரேக் இல்லையென்றால் மொத்தமும் உருண்டு, ஹோஸ் மாட்டுபவரையே நசுக்கிவிடும். தாங்குகால்களை முழுவதும் உயர்த்தி, கட்டையைக் கடைசியாக எடுங்கள்.

வழியில் டீக்கு நிறுத்தினாலும், கிளம்பும் முன் லிவரை மறுபடி பாருங்கள்.