முற்றத்து ஏ-40ஐக் காட்சிக்கு வைக்கிறவர்களுக்கு

கொழும்பு கோல்பேஸ் ஹோட்டலில் இளவரசர் பிலிப் 1940இல் வாங்கிய ஸ்ராண்டர்ட் கார் பளபளவென்று நிற்கிறது. கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. எங்கள் வன்னிப் பக்கத்தில் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற்றும் மொறிஸ் மைனரும் மாமரத்தடியில்தான் நிற்கும். ஆனாலும் கலியாண வீட்டு வாசலில் ஏ-40 வந்து நின்றால், அதைவிடச் சொகுசு வன்னியில் வேறென்ன இருந்தது?

செய்ய வேண்டியவை

• போரின்போது பெற்றோலைத் தடுத்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் என்றால், எஞ்சின் ஒயிலை முதலில் மாற்றுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால்தான் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாத மிச்சம் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பிளக்கில் கரியும் அப்பியிருக்கும்.

• வருடக்கணக்காக நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்ராட் பண்ணாமல், பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சில துளி ஒயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு முன்பக்கக் கைபிடியால் மெல்லச் சுற்றுங்கள்.

• கறள், எலி, கறையான்: மூன்றையும் பாருங்கள்.

• ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டு எழுதி, காருக்குப் பக்கத்தில் வையுங்கள். 1952 முதல் 1954 வரை செய்த கார், 1200 சிசி என்பதை எவரும் சொல்வார்கள். பெற்றோலை எந்தப் போத்தலில் ஒளித்து வைத்தார் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

• மண்ணெண்ணெய்க்கென்று போட்ட குழாயையும் திருகியையும் கழற்ற வேண்டாம். லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் இருந்து வந்த கோலத்துக்குத் திருப்புவது இங்கிலாந்துக்காரர் வேலை. இங்கே அந்தக் குழாய்தான் காட்சிப்பொருள்.

• ஷெல் துண்டு துளைத்த இடத்தைப் புட்டி பூசி மறைக்காதீர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு, தப்பி வந்த ஒரு கதவின் அருமை தெரியும்.

• நம்பர் பிளேற்றைப் புதிதாக்க வேண்டாம். சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராடிய காலத்துப் பிளேற் என்றால், அதற்குத் தனியாக ஒரு குறிப்பே எழுதலாம்.

• பிள்ளைகள் ஸ்ரேறிங்கைப் பிடிக்கட்டும், ஹோர்னையும் அடிக்கட்டும். பக்கவாட்டில் எழும்பும் கைகாட்டியை மட்டும் கையால் இழுக்க விடாதீர்கள். முறிந்தால், இன்னொரு ஏ-40இல் இருந்துதான் கழற்ற வேண்டும்.